டேம்பிங் ஷீட் ஒட்டுவதற்கு முன் தேட வேண்டியவை: இரைச்சல் மிகுந்த டீசல் கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தேங்காய் வணிகம் செய்யும் ஒருவருடைய கார் பற்றியது இந்த ஆய்வு. பத்தாண்டுகளைக் கடந்த ஹேட்ச்பேக் அது. 1248 சிசி கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் உடைய ஃபியட் மல்ட்டிஜெட் டீசல் எஞ்சின் அதில் ஓடுகிறது. இந்த எஞ்சினை இந்தியாவில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் கார்களில் பொருத்தின என்பதால், கீழே வரும் கணக்குகளில் பெரும்பகுதி அந்தக் கார்கள் அனைத்துக்கும் சிறு மாறுதலுடன் பொருந்தும்.

வண்டியை இவர் வாங்கும்போதே அது பலவாறு மாற்றப்பட்டிருந்தது. 185/65 ஆர்15 அளவு டயர்களுக்குப் பதிலாக 16 அங்குல அலாய் வீல்களும் 205/50 டயர்களும் ஏறியிருந்தன. சைலன்சரின் கடைசிப் பெட்டி அகற்றப்பட்டு, உள்ளே தடுப்பு ஏதுமற்ற ‘ஃப்ரீ ஃப்ளோ’ குழாய் பற்றவைக்கப்பட்டிருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டி இருந்த இடத்தில் கூம்பு வடிவத் திறந்த ஃபில்டர் இருந்தது. நான்கு கதவுகளிலும் பெரிய ஸ்பீக்கர்களும், டிக்கியில் ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் இருந்தன. ஊருக்குள் ஓட்டும்போது இவற்றால் பெரிய தொல்லை இல்லை. பொள்ளாச்சி மார்க்கெட்டுக்கும் அங்கிருந்து கோவைக்கும் போகும் நாட்களில்தான், மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் உள்ளே பேச்சு கேட்காமல் போனது. உரிமையாளரின் தாயார் பின்னிருக்கையில் வருவதையே நிறுத்திவிட்டார். “பின்னால உக்காந்தா காதுக்குள்ள கொளவி சுத்துறாப்பல இருக்குதுங்க, அம்மா வரவே மாட்டேங்கிறாங்க” என்றார் அவர். கதவு, தரை, கூரை, டிக்கி என ஓரிடம் விடாமல் டேம்பிங் ஷீட் ஒட்டித்தர வேண்டும் என்பதே அவர் கேட்டது. அக்சசரீஸ் கடைகளில் இந்த வேலையை மொத்த பேக்கேஜாகத்தான் சொல்கிறார்கள் என்பதால், அப்படிக் கேட்பது இயல்பே.

டேம்பிங் ஷீட் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. சுமார் 2 மில்லிமீட்டர் கனமுள்ள பியூட்டைல் ரப்பர் படலமும் அதன் மேல் ஒட்டிய அலுமினியத் தகடும் சேர்ந்ததே அந்த ஷீட். கார்த் தகடு அதிரும்போது, தகட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் சிக்கிய ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டு, அதிர்வின் ஆற்றலைச் சிறிதளவு வெப்பமாக மாற்றிவிடுகிறது. கதவை விரலால் தட்டினால் ‘டங்’ என்று நீளும் ஓசை, ஷீட் ஒட்டிய பின் ‘டப்’ என்று அடங்குவது இதனால்தான். ஆனால் காற்றின் வழியாக வரும் ஒலியை மறிப்பது வேறு வேலை. அதற்கு வேண்டியது எடை; அந்த எடையிலும் இடைவெளி இருக்கக் கூடாது. கார்த் தகடு 0.8 மில்லிமீட்டர் கனம் என்று கொண்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 6.3 கிலோ வருகிறது. அதன் மேல் சதுர மீட்டருக்கு 3.2 கிலோ எடையுள்ள ஷீட்டை முழுப்பரப்பிலும் ஒட்டினாலும், தடுப்பின் எடை கூடக் கூட ஒலித்தடுப்பும் கூடும் என்ற எடை விதிப்படி, அது ஏறக்குறைய மூன்றரை டெசிபல்தான் கூடும். அதிர்வை அடக்க முழுப்பரப்பும் தேவையில்லை. ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் கால் பங்கை மூடினாலே பலனின் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. மொத்த பேக்கேஜ் விற்கும் கடைகளில் இந்த இரண்டு கணக்குகளும் பேச்சுக்கு வருவதில்லை.

ஆகவே ஷீட்டைப் பிரிப்பதற்கு முன், இரைச்சல் எங்கிருந்து எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பிரித்துப் பார்த்தோம். இதற்குப் பெரிய கருவிகள் தேவைப்படவில்லை. தாழ்ந்த அலைவெண்களைப் பெரிதும் கழித்துக் காட்டும் ஏ, அவற்றை ஏறக்குறைய அப்படியே காட்டும் சி என்ற இரண்டு எடையிடல்களிலும் ஒலியை அளக்கக்கூடிய கைமீட்டர் ஒன்றும், அலைவெண்களைக் கோடுகளாகக் காட்டும் கைபேசிச் செயலி ஒன்றும் இருந்தன. வண்டி நின்றிருக்கும்போது எஞ்சினை நிமிடத்துக்கு 2250 சுற்றுக்கு உயர்த்திக் கேட்டோம். ஆளில்லாத சமதளச் சாலையில் 85 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சினை அணைக்காமல் கியரை நியூட்ரலுக்கு மாற்றி, உருளும் ஓசையை மட்டும் தனியே கேட்டோம். கதவு இடுக்குகளையும் கண்ணாடி விளிம்புகளையும் வெளிப்புறம் மாஸ்கிங் டேப்பால் மூடி, அதே சாலையில் மறுபடி ஓட்டினோம். டேப் ஒட்டியதும் குறைவது காற்றோசை. நியூட்ரலில் குறைவது எஞ்சினும் சைலன்சரும் எழுப்பும் ஓசை. இரண்டிலும் குறையாமல், சாலைப் பரப்பு மாறும்போது மட்டும் மாறுவது டயரின் ஓசை.

கொளவி எங்கே இருந்தது

தாயாரை விரட்டிய ஓசை நியூட்ரலுக்கு மாற்றியதுமே அறுந்துபோனது. அதன் அலைவெண் 75 ஹெர்ட்ஸை ஒட்டி இருந்தது. நான்கு வீச்சு எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் இருந்தால், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் வெடிக்கிறது. 2250 சுற்றில் அது நொடிக்கு 75 முறை ஆகிறது. இந்த வண்டி ஐந்தாம் கியரில் 85-ஐ ஒட்டிய வேகத்தில் போகும்போது எஞ்சின் சுற்றுவது ஏறத்தாழ இந்த வேகத்தில்தான். அதாவது, நெடுஞ்சாலையில் நிலையாகப் பிடித்து ஓட்டும் வேகமும் இந்த ஓசை எழும் வேகமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

அதோடு முடியவில்லை. டேஷ்போர்டிலிருந்து பின்கதவுக் கண்ணாடி வரை கேபினின் உள்நீளம் சுமார் 2.3 மீட்டர். மூடிய பெட்டிக்குள் நீளவாக்கில் இரு முனைகளுக்கும் இடையே நின்று முழங்கும் முதல் நிலையலையின் அலைவெண், ஒலியின் வேகத்தை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும். இங்கே அது 75 ஹெர்ட்ஸை ஒட்டியே வருகிறது. அத்தகைய அலையில் அழுத்தம் இரு முனைகளிலும் உச்சமாகவும் நடுவில் குறைவாகவும் இருக்கும். பின்னிருக்கையில் அமர்பவரின் தலை பின்கதவை நெருங்கி, உச்சப் பகுதிக்குள் இருக்கிறது. ஓட்டுநரின் தலை அதைவிட நடுப்பகுதிக்கு அருகில் இருப்பதால், மகனுக்குப் பாதியாகக் கேட்டது தாய்க்கு முழுமையாகக் கேட்டது. முன்னிருக்கையில் இருந்தபடி கைமீட்டரை நடுவிலிருந்து பின்னோக்கி நகர்த்தியபோது சி எடையிட்ட அளவு ஏறிக்கொண்டே போனதும் இதை உறுதிசெய்தது.

75 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நாலரை மீட்டருக்கும் மேல். அதை உறிஞ்ச இரண்டு சென்டிமீட்டர் நுரையால் இயலாது; டேம்பிங் ஷீட்டால் பின்கதவுத் தகடு கூடவே அதிர்வதைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவே. பிறக்கும் இடத்தில் அடக்குவதுதான் வழி. ஆகவே வேலையின் முதல் படியாக, பற்றவைத்த குழாயை அறுத்தெடுத்துவிட்டு, நிறுவனத்தின் அசல் அளவிலான கடைசி சைலன்சர் பெட்டியை அதன் ரப்பர் தொங்கல்களுடன் திரும்பப் பொருத்தினோம். பழைய தொங்கல்களில் ஒன்று இறுகிக் கல்லாகியிருந்தது. குழாயின் நடுக்கம் அதன் வழியாக நேரே தரைத்தகட்டுக்கு ஏறியிருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியும் அசலுக்கே திரும்பியது. அந்தப் பெட்டி தூசியை மட்டும் தடுப்பதன்று. எஞ்சின் காற்றை இழுக்கும்போது எழும் தாழ்ந்த உறுமலை விழுங்கும் வகையில் அதன் கொள்ளளவும் குழாய் நீளமும் அமைக்கப்பட்டவை.

டர்போ எஞ்சினில் இந்தக் கடைசிப் பெட்டியைக் கழற்றுவதால் கிடைக்கும் சக்தி சொற்பம் என்பது என் கருத்து. உரிமையாளருக்குத் தயக்கம் இருந்தது. குழாயின் ஓசை அவருக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. அதில் சட்டச் சிக்கலும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. சைலன்சர் பற்றி மத்திய மோட்டார் வாகன விதிகளில் தனியே விதியும் இருக்கிறது. எல்லையை அடிக்கடி கடப்பவருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெட்டி மாறிய பின் அதே சாலையில், அதே வேகத்தில், பின்னிருக்கையில் எடுத்த அளவில் சி எடையிடல் சுமார் 8 டெசிபல் இறங்கியிருந்தது. ஏ எடையிடலில் இரண்டுக்கும் குறைவான மாற்றமே தெரிந்தது. இதில் முரண்பாடு இல்லை. ஏ எடையிடல் மெல்லிய ஒலிகளுக்கு மனிதச் செவி காட்டும் உணர்திறனை ஒட்டி அமைந்தது; 80 ஹெர்ட்ஸில் அது 22.5 டெசிபலைக் கழித்துவிடுகிறது. சி எடையிடல் அதே இடத்தில் அரை டெசிபல்தான் கழிக்கிறது. கைபேசிச் செயலிகள் பெரும்பாலும் ஏ அளவையே காட்டுவதால், “மீட்டரில் ஒன்றும் குறையவில்லையே” என்று கேட்போரும், “மீட்டரில் இவ்வளவு குறைத்தோம்” என்று விற்போரும் ஒரே எண்ணால் ஏமாறக்கூடும். கேபின் முழக்கத்தை அளப்பவர் இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டைகள்

அடுத்தது எஞ்சினின் ‘கடகட’ ஓசை. முழக்கம் போனதும் அதுவரை அதன் நிழலில் இருந்த இந்த ஓசை முன்னுக்கு வந்தது. எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டில், ஆம்ப்ளிஃபயருக்குப் பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிளுக்காக, ஸ்டியரிங் தண்டுக்கு அருகே துளையொன்று போட்டிருந்தார்கள். துளை மூன்று சென்டிமீட்டர், கேபிள் அதில் பாதி. துளையின் விளிம்பை மூடும் ரப்பர் வளையமான குரோமெட்டுக்குப் பதில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றித் திணித்திருந்தார்கள். அதுவும் சூட்டில் இளகி நழுவியிருந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் இருட்டில் படுத்துப் பார்த்தபோது, பானெட்டுக்குள் எரிந்த டார்ச் வெளிச்சம் அந்த இடுக்கில் தெரிந்தது.

சிறு துளைதானே என்று விடக்கூடியதன்று இது. ஒரு தடுப்புச் சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், சுவர் எவ்வளவு கனமானதாயினும் அதன் ஒலித்தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 30. ஒரு சதுர மீட்டர் ஃபயர்வாலில் மூன்று சென்டிமீட்டர் துளை, முழுதும் திறந்திருந்தால், 31 அல்லது 32 டெசிபலில் உச்சவரம்பு வைத்துவிடுகிறது. தகடும் அதன் உட்புறப் பஞ்சு விரிப்பும் சேர்ந்து நடு, உயர் அலைவெண்களில் அதைவிட நன்றாகவே தடுக்கக் கூடியவை. துளையை அப்படியே விட்டு ஃபயர்வாலெங்கும் ஷீட் ஒட்டுவது வீண் செலவு. கேபிளின் தடிமனுக்கேற்ற குரோமெட்டை மாட்டி, விளிம்பில் பியூட்டைல் பிசினை அழுத்தினோம். பாதுகாப்பும் இதில் அடங்கியிருந்தது: பேட்டரியின் நேர்முனைக் கேபிள் கூரான தகட்டு விளிம்பில் உராய்ந்துகொண்டிருந்தது, பேட்டரிக்கு அருகில் ஃபியூஸும் இல்லை. ஆட்டோ எலெக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்த பிறகே மேற்கொண்டு வேலை நடந்தது.

கதவுகளிலும் இதே கதை. ஸ்பீக்கர் மாட்டியவர்கள் கதவின் உட்புற மூடியான டோர் பேடுக்குப் பின்னாலிருந்த நீர்த்தடுப்புப் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிந்திருந்தார்கள். கிளிப்புகளில் பாதி உடைந்திருந்தன. மழைநீர் கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள வடிகால் துளைகளால் வெளியேறுமாறு கார்க் கதவுகள் அமைக்கப்படுகின்றன. அந்த ஈரம் பேடுக்கு வராமல் காப்பது அந்தத் தாள். அது போனதால் சாலை ஓசையும் ஈரமும் சேர்ந்தே உள்ளே வந்தன. முன் இடக்கதவின் விளிம்பு ரப்பரான பீடிங் ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. டேப் ஒட்டிய சோதனையில் காற்றோசை பாதியாகக் குறைந்தது அந்தக் கதவில்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில், பொள்ளாச்சிச் சாலையில் காற்று நேரெதிரிலோ பக்கவாட்டிலோ அடிப்பது வழக்கம். உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிறைந்திருப்பதற்குக் காரணமான அதே காற்று, நசுங்கிய பீடிங்கின் வழியாக விசிலடிக்கிறது. பீடிங்கை மாற்றினோம்.

உருளும் ஓசையில், சாலை எதுவானாலும் மாறாத மெல்லிய ஊளையொன்று கலந்திருந்தது. இடப்பக்கம் வளையும்போது கூடி, வலப்பக்கம் வளையும்போது தணிந்தது. இடப்பக்கம் வளைகையில் வண்டியின் பாரம் வலச் சக்கரங்களில் ஏறும் என்பதால், வலப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ஜாக்கில் தூக்கிச் சுற்றியபோது முன் வலச் சக்கரத்தில் கரகரப்பு கையில் தெரிந்தது. கேட்டபடியே தரையெங்கும் ஷீட்டையும், ஒலியை மறிக்கும் கனத்த வினைல் விரிப்பையும் பரப்பியிருந்தால், பேரிங் முற்றாகப் போகும்வரை யாருக்கும் கேட்டிராது.

ஷீட் ஒட்டியது

இவ்வளவும் முடிந்தபின் மிஞ்சியது பெரும்பாலும் டயர் ஓசை. கோவை–பொள்ளாச்சி நான்குவழிச் சாலையின் கான்கிரீட் பரப்பில் அது கூடுதலாகவும், கொழிஞ்சாம்பாறைத் தார்ச்சாலைகளில் குறைவாகவும் இருந்தது. மேடுபள்ளங்களில் ஏறி இறங்கும்போது ‘ணொங்’ என்ற ஓசை தனியே எழுந்தது. டயருக்குள் அடைபட்ட காற்று வளையமாக ஒலிப்பதால் வருவது அது. இந்த அளவு டயரில் அந்த வளையத்தின் சராசரிச் சுற்றளவு சுமார் 1.57 மீட்டர் என்பதால், அதன் அலைவெண் 220 ஹெர்ட்ஸை ஒட்டி அமைகிறது. டேம்பிங் ஷீட்டுக்கும் எடையேற்றிய வினைலுக்கும் உண்மையான வேலை இருப்பது இந்த நடு அலைவெண்களில்தான்.

தார் கலந்த மலிவு ஷீட்டை வேண்டாம் என்றேன். பாலக்காட்டுக் கோடையில் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் தகடு அதைவிட வெகுவாகச் சூடேறும். அந்தச் சூட்டில் தார் இளகி, நாற்றமெடுத்து, நிமிர்ந்த பரப்புகளில் வழுக்கி இறங்கும். பியூட்டைல் அவ்வாறு இளகுவதில்லை.

பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிச் சற்று நேரம் விட்ட பிறகே இருக்கைகள் இறங்கின. இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பிகள் இருந்தால் அவை ஏர்பேக்குக்கோ சீட்பெல்ட் இறுக்கிக்கோ போகின்றவை, அவற்றைத் தொடும்முன் இது கட்டாயம். தரை விரிப்பைத் தூக்கியபோது அடியிலிருந்த பஞ்சு ஓட்டுநர் பக்கத்தில் நமத்துக் கிடந்தது. அதை இரண்டு வெயிலில் காயவைத்து, தகட்டில் தொடங்கியிருந்த துருவைத் தேய்த்துப் பிரைமர் அடித்தோம். தகட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, அதிர்வு மிகுந்த சமதளப் பகுதிகளில் மட்டும் ஷீட்டை வைத்து, அலுமினியத்தின் மேலுள்ள புடைப்புக் கோலம் தட்டையாகும்வரை ரோலரால் அழுத்தினோம். அழுத்தம் போதாத ஷீட்டின் கீழ் காற்று நின்றால், அந்த இடத்தில் அது வேலை செய்யாது. ஈரம் தங்க மட்டும் இடம் தரும். தொழிற்சாலையிலேயே தரையில் உருக்கி ஒட்டிய தார்ப் பட்டைகள் நன்றாக இருந்த இடங்களில் அவற்றின் மேல் எதையும் சேர்க்கவில்லை.

கதவுகளில் வெளித்தகட்டின் நடுப்பகுதிக்கு ஷீட். வடிகால் துளைகளையும், கண்ணாடி இறங்கும் தடத்தையும் தொடவில்லை. கிழிந்துபோன தாளுக்குப் பதிலாக, நீர் புகாத மூடிய அறைகளாலான க்ளோஸ்டு செல் நுரை விரிப்பைப் பியூட்டைல் பிசினால் சுற்றிலும் ஒட்டினோம். இதற்கென விலை கூடிய கார் நுரை தேவையில்லை. ஏசி குழாய்களுக்குச் சுற்றும் நைட்ரைல் ரப்பர் ஷீட், ஏசி சாமான் கடைகளில் கிடைப்பது, நீரை உறிஞ்சாது, சூட்டையும் தாங்கும். மெத்தைக் கடை நுரையை மட்டும் எக்காரணத்தாலும் கதவுக்குள் வைக்கக் கூடாது. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவ மழையில் அது நனைந்து, அடுத்த மழைவரை ஈரத்தை வைத்துக்கொள்ளும்.

தரையிலும் பின்சக்கர வளைவுகளிலும் ஷீட்டுக்கு மேல் 6 மில்லிமீட்டர் நைட்ரைல் நுரையும், அதன் மேல் சதுர மீட்டருக்குச் சுமார் 4.9 கிலோ எடையுள்ள வினைலும் விரித்தோம். வினைல் தகட்டோடு ஒட்டக் கூடாது. நுரையின் மேல் மிதந்தபடி, துண்டுகளின் விளிம்புகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி இருக்க வேண்டும். தகடும் வினைலும் நடுவில் நுரையுடன் இரட்டைச் சுவராக நிற்பதால்தான், ஒற்றைத் தகட்டில் அதே எடையைச் சேர்ப்பதைவிட அதிகப் பலன் கிடைக்கிறது. கூரையையும் தூண்களின் உட்புறத்தையும் தொடவில்லை. பக்க ஏர்பேக் உள்ள வண்டிகளில் தூண்களுக்குள் எதையும் திணிப்பது ஆபத்து. இந்த வண்டியில் அது இல்லையென்றாலும், கூரையிலிருந்து கிடைக்கக்கூடிய பலன் மழைச் சத்தம் குறைவது மட்டுமே, அது இவருடைய குறையாக இருக்கவில்லை.

ஷீட் நாலு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, வினைல் இரண்டரை. வண்டியில் ஏறிய எடை மொத்தம் 25 கிலோவை ஒட்டி வந்தது. கேட்டபடி முழுவண்டிக்கும் ஒட்டியிருந்தால் அது இருமடங்குக்கு மேல் போயிருக்கும்.

கான்கிரீட் சாலையில் 80-இல் ஓட்டுநர் இருக்கையில் எடுத்த ஏ அளவு, ஷீட்டும் வினைலும் விரித்ததற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால் சுமார் 3 டெசிபல் குறைந்திருந்தது. எண் சிறியதாகத் தோன்றினாலும், ‘ணொங்’ ஓசை காதில் படாத அளவுக்கு மங்கியது. கதவு மூடும் ஓசையும் தடித்தது. உரிமையாளர் முதலில் சொன்னது இந்தக் கதவைப் பற்றித்தான். தாயாருக்கோ சைலன்சர் மாறிய அன்றே குறை தீர்ந்துவிட்டது. அதன் பின் நடந்த வேலைகளில் அவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. செலவில் பெரும்பகுதி போனது அந்தப் பின்வேலைகளுக்கே.

பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடியைச் சுற்றி மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் எழும் காற்றோசை இன்னும் இருக்கிறது. அது கண்ணாடியின் வடிவத்தால் வருவது, உள்ளே எதை ஒட்டியும் போகாது. டயர் தேயும்போது 195/55 ஆர்16 அளவுக்கு மாறச் சொல்லியிருக்கிறேன். அதன் வெளிவிட்டம் 621 மில்லிமீட்டர், அசல் 185/65 ஆர்15 டயருடையதும் அதே அளவு. இப்போதைய 205/50 அதைவிடப் பத்து மில்லிமீட்டர் சிறியது என்பதால் ஸ்பீடோமீட்டரும் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டுகிறது. அகலம் குறைந்து பக்கச்சுவர் சற்று உயரும்போது உருளும் ஓசையும் தணிய வாய்ப்புண்டு. துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவ மழை ஓய்ந்ததும் வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஓட்டுநர் பக்கத்துத் தரை விரிப்பைத் தூக்கி, வினைலுக்கு அடியில் ஈரம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.